ஆட்டோமேட்டிக் காரில் லோ கியர்: பெங்களூரிலிருந்து மலைக்குக் கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவுக்குள் ஆட்டோமேட்டிக் கார் ஓட்ட லீவரில் மூன்று இடம் தெரிந்தால் போதும். கிளம்ப 'டி', பின்னால் எடுக்க 'ஆர்', நிறுத்த 'பி'. சில்க் போர்டு, டின் ஃபேக்டரி, ஹெப்பாள் என எங்கே மாட்டிக்கொண்டாலும் மீதியைக் கார் பார்த்துக்கொள்ளும். இப்படியே சில வருடம் ஓட்டிப் பழகியவர் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறார். பிள்ளைகள் கேட்டார்களே என்று வழியில் ஏற்காடு ஏறுகிறார். ஏறும்போது ஒரு சிரமமும் இல்லை. இறங்கும்போது பாதி வளைவு தாண்டுவதற்குள் கருகல் வாசனை மூக்கில் ஏறுகிறது. காரில் எந்தக் கோளாறும் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவையும் லீவர் 'டி'-யில் இருந்தபடியே இறங்கப் பார்த்ததுதான் காரணம்.

ஏற்றத்தில் கியர்பாக்ஸ் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது, ஏனென்றால் அதற்குத் தகவல் கிடைக்கிறது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள், இழுவை போதவில்லை என்று புரிந்துகொண்டு அது கியரைக் குறைக்கிறது. இறக்கத்தில் நீங்கள் காலை எடுத்துவிடுகிறீர்கள். சமதரையில் காலை எடுத்ததற்கும் சரிவில் காலை எடுத்ததற்கும் பல கியர்பாக்ஸ்களுக்கு வேறுபாடு தெரியாது. இழுவை தேவையில்லை, எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்று மேல் கியருக்குப் போய்விடும். மேல் கியரில் என்ஜின் காரைப் பிடித்து நிறுத்தாது, அதனால் எடை முழுவதும் பிரேக் மேல் விழும். சரிவை உணர்ந்து தானாகக் கியரைக் குறைக்கும் கார்கள் இப்போது வருகின்றன. ஆனாலும் அடுத்த வளைவு எவ்வளவு கூர்மை, எதிரே பேருந்து வருகிறதா என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். இறக்கத்தில் லோ கியரை, அதாவது ஒன்று, இரண்டு போன்ற கீழ் கியரை, முடிவு செய்யும் வேலை உங்களுடையது.

பிரேக் எவ்வளவு சூட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது

ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான் என்று வைத்தால் ஒரு நடுத்தரக் காரின் எடை சுமார் 1,500 கிலோ. அது 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.47 கோடி ஜூல். சுமார் 50 லிட்டர் தண்ணீரை, அதாவது வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் இரண்டரையை, அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் அடிவாரத்துக்கு இறங்குவது கிட்டத்தட்ட இந்த அளவு உயரம்தான். டயர் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் இதில் ஒரு பங்கை, தோராயமாகக் கால் பங்கை, வாங்கிக்கொள்ளும். மீதியை வாங்கிக்கொள்ள இரண்டே இடம்தான் உண்டு: பிரேக் டிஸ்க், இல்லாவிட்டால் என்ஜின். என்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, விசிறி இருக்கிறது. பிரேக்குக்கு வீசுகிற காற்றைத் தவிர வேறு துணை இல்லை, மலைப்பாதையின் மெதுவான வேகத்தில் அந்தக் காற்றும் குறைவு.

சூடு எல்லை மீறினால் இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். இரண்டையும் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் காலுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிமானம் குறையும். பெடல் கல் மாதிரி இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் மெதுவாகாது. பிரேக் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சியபின் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் பொருள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். நகருக்குள் மட்டும் ஓடும் காரில் பழைய ஆயிலின் குறை வெளியே தெரியாது, மலை இறக்கத்தில்தான் தெரியவரும்.

லோ கியரில் என்ஜின் எப்படிக் காரைப் பிடிக்கிறது? காலை எடுத்ததும் பெட்ரோல் என்ஜினுக்குக் காற்று போகும் கதவான திராட்டில் மூடிக்கொள்ளும். ஆனால் சக்கரங்கள் என்ஜினைச் சுற்றவைத்தபடி இருக்கும். மூடிய கதவு வழியாகக் காற்றை உறிஞ்சப் பிஸ்டன்கள் திணறும். அந்தத் திணறல்தான் காரைப் பின்னால் இழுக்கிறது. கியர் குறையக் குறைய என்ஜின் வேகமாகச் சுழலும், பிடியும் கூடும். அந்த நேரத்தில் கார் கணினி பெட்ரோலை முழுவதுமாக நிறுத்திவிடும், உடனடி மைலேஜ் காட்டும் திரையில் எண் உச்சத்தில் போய் நிற்பதைப் பார்க்கலாம். நியூட்ரலில் போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்கவே எரிபொருள் எரிய வேண்டும், லோ கியரில் அதுவும் எரிவதில்லை. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தேசிய நெடுஞ்சாலை 44-இல் தொப்பூர் கணவாயில் லாரி விபத்துகளுக்குச் சொல்லப்படும் காரணங்களில் நியூட்ரலில் இறக்குவதும் ஒன்று. கார்காரர்களும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போல மூடும் திராட்டில் இந்த வேலையைச் செய்வதில்லை, அதனால் எதிர்பார்த்த பிடி சில கார்களில் கிடைக்காது. ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ கார்களிலும் அப்படித்தான், என்ஜின் சிறியது, பிடியும் சிறியது. இந்த இரண்டு வகைக்காரர்களும் இன்னும் ஒரு கியர் கீழே போக வேண்டியிருக்கும்.

உங்கள் லீவரில் லோ கியர் எங்கே இருக்கிறது

எல்லாக் காரிலும் 'எல்' என்று எழுதியிருக்காது. ஒரே வேலைக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர். காரை நிறுத்தி வைத்து லீவரையும் ஸ்டீயரிங் பின்புறத்தையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

'டி, 2, எல்' என்று வரிசையாக இருந்து, லீவர் பக்கவாட்டில் ஓ/டி (ஓவர்டிரைவ்) பொத்தானும் இருந்தால் அது நான்கு கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது என்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பழைய பாணி ஆட்டோமேட்டிக். மாருதியின் பழைய எர்டிகா, சியாஸ் ஆட்டோமேட்டிக் கார்களில் இதைப் பார்க்கலாம். ஓ/டி-யை அணைத்தால் நான்காவது கியர் பூட்டப்படும், '2' என்றால் இரண்டுக்கு மேல் போகாது, 'எல்' என்றால் ஒன்றிலேயே நிற்கும். இங்கே மெக்கானிக்குகள் மட்டும் அறிந்த ஒரு நுட்பம் உண்டு. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் 'டி'-யில் முதல் கியர் ஒருவழி கிளட்ச் மூலமாக ஓடும். சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி, என்ஜின் சக்கரத்தை இழுக்கும், சக்கரம் என்ஜினை இழுக்க முடியாது. ஆகவே 'டி'-யில் கார் முதல் கியரில் இருந்தாலும் என்ஜின் பிடி கிடைக்காது. 'எல்' போடும்போது உள்ளே இன்னொரு பட்டை இறுகி அந்த ஃப்ரீவீலைப் பூட்டிவிடும். முதல் கியரும் 'எல்'-உம் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் கார்களில் பெரும்பாலும் கியரை நாமே மாற்றும் 'எம்' (மேனுவல்) இருக்கும், லீவரில் கூட்டல் கழித்தல் குறியோ ஸ்டீயரிங் பின்னால் இரண்டு பேடில்களோ இருக்கும். இடது பேடில் கியரைக் குறைக்கும், வலது கூட்டும். 'டி'-யில் இருந்தபடியே பேடிலைத் தட்டினால் பல கார்களில் அது தற்காலிகம்தான், கொஞ்ச நேரத்தில் பழையபடி தானியங்கி ஆகிவிடும். மலைக்கு லீவரையே 'எம்'-க்கு மாற்றுங்கள்.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சையும் லீவரையும் நம் காலுக்கும் கைக்கும் பதில் ஒரு இயந்திரக் கை இயக்குகிறது. 2014-இல் செலேரியோவில் வந்ததிலிருந்து நம் நாட்டில் சிறிய கார்களில் இதுதான் பரவலானது. 'ஆர், என், டி, எம்' என்று இருக்கும், டாடா கார்களில் 'டி'-க்குப் பதில் 'ஏ'. இதில் 'பி' கிடையாது. லோ கியர் வேண்டுமென்றால் 'எம்'-க்குத் தள்ளி கழித்தல் பக்கம் தட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: மிக மெதுவாக, கார் ஊர்ந்து நிற்கப்போகும் நிலைக்கு வந்ததும் என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க ஏ.எம்.டி. கிளட்சைத் தானே விடுவித்துவிடும். அந்த நொடி என்ஜின் பிடி காணாமல் போகும், கார் திடீரென்று விட்டு ஓடுவது போலத் தோன்றும். வளைவில் ஊர்ந்து திரும்பும்போது கால் பிரேக் மேலேயே இருக்கட்டும்.

சி.வி.டி.-யில் கியர்களே கிடையாது, பெல்ட்டும் விரிந்து சுருங்கும் கப்பிகளும்தான். 'எல்' போட்டால் விகிதத்தைத் தாழ்வாகப் பிடித்து வைத்து என்ஜினை அதிக ஆர்.பி.எம்.-இல், அதாவது நிமிடத்துக்கு அதிகச் சுற்றுகளில், சுழலவிடும். 'எல்' இல்லாமல் 'எஸ்' (ஸ்போர்ட்) மட்டும் இருந்தால் அதைப் போடுங்கள், பிடி கொஞ்சம் குறைவு, ஆனால் 'டி'-யை விட நல்லது. இரட்டைக் கிளட்ச் கொண்ட டி.சி.டி. வகைகளில் 'எம்'-உம் பேடிலும்தான் வழி. டொயோட்டாவின் ஹைபிரிட் கார்களில் பிரேக்கிங் என்ற சொல்லைக் குறிக்கும் 'பி' என்று ஓர் இடம் இருக்கும். அது பார்க்கிங்குக்கானது இல்லை, இறக்கத்துக்கானது.

தார், ஜிம்னி போன்ற நான்கு சக்கர இழுவை வண்டிகளில் '4எல்' என்று தனி லீவரோ குமிழோ இருக்கும். இங்கே பேசும் 'எல்' அது இல்லை. சேறு, மணல், பாறைக்கானது, காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டு வளைவு திரும்பினால் உள் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

இறங்கும் முறை

முதல் வளைவுக்கு முன்பே தொடங்க வேண்டும். மலை உச்சியில் சாலை சரியத் தொடங்கும் இடத்தில், கார் 30 கி.மீ. வேகத்துக்குள் இருக்கும்போது லீவரை 'எம்'-க்குக் கொண்டுவந்து இரண்டாவது கியரில் வையுங்கள். பழைய வகையில் '2', சி.வி.டி.-யில் 'எல்'. வேகம் பிடித்த பிறகு கியரைக் குறைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 70-இல் போய்க்கொண்டு 'எல்'-க்கு இழுத்தால், இன்றைய மின்னணுப் பெட்டிகள் பெரும்பாலும் மறுத்துவிடும் அல்லது வேகம் குறையும் வரை காத்திருக்கும். மறுக்காத பெட்டியாக இருந்து சாலையும் ஈரமாக இருந்தால், இழுக்கும் சக்கரங்கள் சட்டென்று பிடித்து வழுக்கும். அதனால் எப்போதும் முதலில் பிரேக், வேகம் குறைந்ததும் கியர்.

எந்தக் கியர் என்று தெரிந்துகொள்ள ஒரு சிறிய கணக்கு உதவும். பல சிறிய, நடுத்தர கார்களில் ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்.-க்கும் முதல் கியரில் சுமார் 7 கி.மீ., இரண்டாவதில் சுமார் 14, மூன்றாவதில் சுமார் 21 கி.மீ. வேகம் வரும். காருக்குக் கார் இது மாறும், உங்கள் காரின் எண்ணை ஒருமுறை ஆர்.பி.எம். காட்டும் டேகோமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் நியாயமான வேகம் 30 முதல் 40. அந்த வேகத்தில் மூன்றாவது கியர் 2,000 ஆர்.பி.எம்.-ஐக்கூடத் தொடாது, பிடி இருக்காது. இரண்டாவதில் 2,100 முதல் 2,900 வரை வரும். பெரும்பாலான மலைகளுக்கு இதுவே சரி. முதல் கியர் 20 கி.மீ.-க்குக் கீழே, மிகச் செங்குத்தான வளைவுகளுக்கு மட்டும்.

அடுத்து, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நூறு மீட்டர் சும்மா கவனியுங்கள். வேகம் நிலையாக நின்றாலோ மெல்லக் கூடினாலோ கியர் சரி. விரைவாக ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஒரு கியர் கீழே வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் கார் நகர்கிறது என்றால் ஒரு கியர் மேலே போகலாம். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியர்தான் இறங்கவும் என்று லாரி ஓட்டுநர்கள் காலம்காலமாகச் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்.

இதற்குப் பிறகும் பிரேக் தேவைப்படும். லோ கியர் பிரேக்குக்கு மாற்று இல்லை, அதன் சுமையைக் குறைப்பது மட்டும்தான். ஆனால் பிடிக்கும் விதம் மாற வேண்டும். பலர் கீழே வரும்வரை பெடலில் காலை லேசாக வைத்தபடியே வருகிறார்கள். பேட் டிஸ்க்கை விட்டு விலகவே இல்லை என்றால் சூடு ஆற நேரம் ஏது? வேகம் 40-ஐத் தொட்டதும் இரண்டு மூன்று விநாடி உறுதியாக மிதித்து 30-க்குக் கொண்டுவாருங்கள், பிறகு காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். என்ஜின் மறுபடி வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும் அந்த இடைவெளியில் டிஸ்க் ஆறும். மொத்தம் பிரேக் பிடித்த நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், நேரான துண்டிலேயே வேகத்தைக் குறைத்து முடியுங்கள். திரும்பும்போது பிரேக் வேண்டாம், வளைவு முடிந்ததும் கியர் மாற்றமும் வேண்டாம், அப்படியே விடுங்கள்.

என்ஜின் சத்தம் பயமுறுத்தும். பின்சீட்டில் இருக்கும் பெரியவர்கள் ஏன் வண்டி இப்படி அலறுகிறது என்று கேட்பார்கள். பெட்ரோல் என்ஜின் 4,000 ஆர்.பி.எம். வரையும் டீசல் 3,000 வரையும் இப்படிச் சுழல்வதால் எந்தக் கெடுதலும் இல்லை, சிவப்புக் கோடு அதற்கு வெகு மேலே இருக்கிறது. அந்த முள் சிவப்பை நெருங்கினால் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறையுங்கள், கியரைக் கூட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். சில கார்கள் 'எம்'-இலும் ஆர்.பி.எம். மிகுந்தால் தாமாக மேல் கியருக்குப் போகும். சரிவின் நடுவில் அப்படி நடந்தால் பிடி நழுவியது போல இருக்கும். உங்கள் கார் அந்த வகையா என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

லோ கியரில் வேகம் குறையும்போது பின்விளக்கு எரியாது. பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு நீங்கள் மெதுவாவது தெரியாது. பெடலை லேசாகத் தொட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டுங்கள். குரூஸ் கன்ட்ரோலை மலையில் அணைத்துவிடுங்கள். ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்ற பொத்தான் இருந்தால் அதை நம்பி நீண்ட மலை இறங்கக் கூடாது, அது உங்களுக்குப் பதிலாகப் பிரேக்கைத்தான் பிடிக்கிறது. சில நூறு மீட்டர் மண்சரிவுக்கு அது நல்ல துணை, இருபது கிலோமீட்டர் தார்ச் சாலைக்கு இல்லை.

எந்த வழியில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். தொப்பூரில் காருக்குச் சரிவு பெரிதாகத் தெரியாது. 60 கி.மீ. வேகத்தில் நான்காவதிலோ மூன்றாவதிலோ, பழைய வகையில் ஓ/டி-யை அணைத்தோ வந்தால் போதும். அங்கே ஆபத்து பின்னால் வரும் கனரக வண்டிதான், இரட்டைப் பாலம் வரும்வரை கண்ணாடியைப் பார்த்தபடி இருங்கள். சாம்ராஜ்நகர் வழியாகச் சத்தியமங்கலம் போகிறவர்களுக்குத் திம்பத்தில் 27 வளைவுகள், பண்ணாரி அடிவாரம் வரை இரண்டாவது கியரை விட்டு மாறாமல் இறங்கலாம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகை ஏறும் சாலையில் 36 வளைவுகள். இந்தப் பக்கத்தின் மிகச் செங்குத்தான சாலைகளில் அது ஒன்று. விபத்துகளைத் தொடர்ந்து அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகள் கீழே இறங்கக் கட்டுப்பாடு வந்தது. திரும்பும்போது கூடலூர் வழியே வாருங்கள்.

ஏறும்போது

ஏற்றத்தில் 'டி' தவறு இல்லை. ஆனால் எடை கூடிய சிறிய காரில் ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்ததும் கியர் மேலே போகும், மறுபடி மிதித்ததும் கீழே வரும். ஏ.எம்.டி.-யில் இந்த மாற்றத்துக்கு எடுக்கும் அரை விநாடி, ஒரு விநாடியில் கார் வேகத்தை இழந்து நின்றுவிடும் போல ஆகும். வளைவுக்கு முன்பே 'எம்'-இல் இரண்டாவதைப் போட்டு வைத்தால் இந்தத் தடுமாற்றம் வராது. ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது மலைச் சாலையின் விதி, ஆகவே ஏறும்போது நிற்காமல் போக முயல்வது தவறில்லை.

முன்னால் லாரி ஊர்ந்தால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று கார் நீளம் இடைவெளி விட்டு நின்று, அது நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள். ஏ.எம்.டி., உலர் கிளட்ச் டி.சி.டி. வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். சரிவில் காரை ஆக்ஸிலரேட்டராலேயே தாங்கி நிறுத்தினால் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி நழுவி எரியும், சில நிமிடத்தில் காகிதம் கருகும் வாசனை வரும், திரையில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கையும் வரலாம். அப்போது ஓரம் கட்டி, 'பி'-யிலோ நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டோ, என்ஜினை ஓடவிட்டபடி எச்சரிக்கை மறையும்வரை காத்திருங்கள். சரிவில் நின்று கிளம்ப ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கார் முன்னால் இழுப்பதை உணர்ந்ததும் விடுங்கள். சரிவில் காரைத் தானே பிடித்து வைக்கும் ஹில் ஹோல்ட் வசதி இருந்தாலும் அது சுமார் இரண்டு விநாடிதான் பிடித்திருக்கும்.

நகருக்குள்

சிக்னலுக்குச் சிக்னல் 'எல்' போட வேண்டிய தேவையே இல்லை. பிரேக் பேட் மலிவு, கியர்பாக்ஸ் விலை அதிகம் என்ற வாதம் சமதரையில் சரியானது. மலையில் அந்த வாதம் செல்லாது. நகருக்குள் லோ கியர் பயன்படும் இடம் ஒன்று, அடுக்குமாடிகளின் அடித்தளப் பார்க்கிங் ரேம்ப். மழையில் நனைந்த சறுக்கலில் 'எல்' அல்லது முதல் கியரில் இறங்கினால் கார் நடக்கும் வேகத்தில் வரும், பிரேக்கில் வழுக்காது. டி.சி.டி. கார்களுக்கு இன்னொன்று: பம்பரோடு பம்பர் ஊரும் நெரிசலில் 'எம்' முதல் கியரில் வைத்தால், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அது ஓயாமல் மாறுவது குறையும். சேற்றில் சக்கரம் வெறுமனே சுற்றினால் 'எல்' நிலைமையை மோசமாக்கும், இழுவை மிகுதி. 'எம்' இரண்டாவதில் கிளம்ப உங்கள் கார் அனுமதித்தால் அதுவே நல்லது.

வாசனை வந்தால், பெடல் அமுங்கினால்

கருகல் வாசனை வந்ததும் சாலை அகலமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். 'பி'-யில் போட்டு, ஒரு சக்கரத்துக்குப் பெரிய கல்லை வையுங்கள். பிரேக் பெடலை அழுத்திப் பிடித்தபடி நிற்க வேண்டாம், கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டிய இடம் தடிப்பாகி, பின்னால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் வளையும் அல்லது விரிசல் விடும். அரை மணி நேரம் காற்றில் ஆறட்டும். பெடலை மிதித்து உறுதி திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் இன்னும் ஒரு கியர் குறைத்து மீதியை இறங்குங்கள், திரும்பாவிட்டால் உதவிக்கு அழையுங்கள்.

ஓடும்போதே பெடல் தரைக்குப் போனால், அடுத்தடுத்து வேகமாக மிதியுங்கள், சில சமயம் அழுத்தம் கொஞ்சம் திரும்பும். கூடவே கியரை ஒவ்வொன்றாகக் கீழே இறக்குங்கள். என்ஜினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் கனத்துவிடும், இருக்கும் கொஞ்சப் பிடியும் போய்விடும். கை ஹேண்ட்பிரேக் என்றால் பொத்தானை அழுத்தியபடியே சிறிது சிறிதாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி கார் சுழலும். மின்சார ஹேண்ட்பிரேக் என்றால் பொத்தானை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருங்கள், ஓட்டத்தில் அது அவசரப் பிரேக்காக வேலை செய்யும்படி அமைத்திருப்பார்கள். இதுவும் போதாவிட்டால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச் சுவரின் பக்கம் காரை உரசவிடுங்கள்.

சரிவில் நிறுத்துவது

பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலான 'என்'-க்குப் போய், ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்துக் கார் அதன் மேல் உட்காரட்டும். பிறகுதான் 'பி'. நேராக 'பி' போட்டுக் காலை எடுத்தால் முழு எடையும் உள்ளே இருக்கும் விரல் அளவு இரும்புக் கொக்கியில் தொங்கும், கிளம்பும்போது லீவர் இறுகி 'டக்' என்று விடும். ஏ.எம்.டி.-யில் 'பி' இல்லாததால் ஹேண்ட்பிரேக்கோடு, ஏற்றம் பார்த்து நின்றால் முன் கியரிலும் இறக்கம் பார்த்து நின்றால் 'ஆர்'-இலும் வைத்தே என்ஜினை அணைக்க வேண்டும்.

மின்சாரக் காரும் ஹைபிரிட்டும்

மின்சாரக் காரில் லோ கியரின் வேலையை ரீஜென் செய்கிறது, மோட்டார் காரைப் பிடித்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் தருகிறது. உச்சபட்ச அளவில் வையுங்கள். ஆனால் நிறைந்த பேட்டரிக்கு மேலும் இடம் இல்லை. உதகை விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு காலையில் இறங்கினால், மிக மோசமான சரிவில் ரீஜென் குறைவாகவே கிடைக்கும், பிரேக் தனியே போராடும். மலை மேல் 80, 85 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள், கீழே வரும்போது இன்னும் கூடியிருக்கும். ஹைபிரிட்டின் சிறிய பேட்டரி சில கிலோமீட்டரிலேயே நிறைந்துவிடும். அப்போது பிரேக்கிங்குக்கான 'பி' நிலை என்ஜினைச் சுழலவிட்டுப் பிடியைக் காப்பாற்றும்.

கிளம்பும் முன்

பட்டறையில் மூன்றைக் கேளுங்கள். பிரேக் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயிலின் ஈரத்தைப் பேனா போன்ற கருவியால் பார்ப்பார்கள், கடைசியாக மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கருவி என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். ஏ.எம்.டி.-யில் கிளட்ச் தேய்மானத்தைக் கணினி இணைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒத்திகை. ஊருக்குப் போகும் அன்று முதல் முறையாக 'எம்'-ஐத் தொட வேண்டாம். முதலில் ஆள் நடமாட்டம் குறைந்த சமமான சாலையில் 40-இல் போய், காலை எடுத்து, ஒவ்வொரு கியராகக் குறைத்து, முள் எங்கே போகிறது, கார் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். அடுத்து 1,478 மீட்டர் உயர நந்தி மலைக்கு ஒரு காலையில் போய், இறங்கும்போது இரண்டாவது கியரில் வைத்து எத்தனை முறை பிரேக்கைத் தொட்டீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். கீழே வந்து நிறுத்தியதும் முன்சக்கரத்தின் அருகே, தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டிப் பாருங்கள். அனல் அடித்தால் இன்னும் ஒரு கியர் குறைத்திருக்க வேண்டும்.